விலாங்கின் எலும்பை எண்ண வேண்டும்

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று விலாங்கைப் பழிப்பது நம் வழக்கம். பாவம், விலாங்கு யாரையும் ஏமாற்றுவதில்லை. நிறத்தையும் பருமனையும் மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் சூட்டுகிற நாம்தாம் ஏமாறுகிறோம் என்பது என் கருத்து.

நன்னீர் விலாங்குகள் யாவும் அங்குவில்லா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மார்புத் துடுப்பு ஒரு ஜோடி உண்டு. இடுப்புத் துடுப்பு இல்லை. முதுகுத் துடுப்பும் வால் துடுப்பும் அடித் துடுப்பும் ஒன்றாக இணைந்து உடலின் ஓரமாக ஓடுகின்றன. ஆரலின் முதுகிலோ தனித்தனி முட்கள் வரிசையாக நிற்கும். தென் அமெரிக்காவின் மின்விலாங்குக்கு முதுகுத் துடுப்பே கிடையாது. பெயரில்தான் அது விலாங்கு, உறவில் கெளுத்திக்கு நெருக்கம்.

இவற்றைப் பிரிப்பது எளிது. அங்குவில்லாவுக்குள்ளேயே இனம் பிரிப்பதுதான் கடினம். ஆற்றில் வளரும்போது மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும் ஐரோப்பிய விலாங்கு, முட்டையிடக் கடலுக்குப் புறப்படும்போது வயிறு வெள்ளியாக மாறி, கண்கள் பெருத்து, வேறொரு மீன்போல் ஆகிவிடுகிறது. தலை அகன்றவையும் ஒடுங்கியவையும் அதே இனத்தில் உண்டு. இவற்றை நம்பியதால் 19-ஆம் நூற்றாண்டில் விலாங்கு இனங்கள் டஜன் கணக்கில் பெருகின. ஜெர்மானியர் காவுப் இதில் முன்னணியில் நின்றார். கண்ணாடி போன்ற, இலை வடிவ விலாங்குக் குஞ்சையும் 1856-இல் தனி மீன் என்று பெயரிட்டவர் அவரே! அது விலாங்கின் இளம் பருவம் என்று இத்தாலியில் கிராசியும் கலாந்திருச்சியோவும் 1896-இல் மெய்ப்பித்தனர்.

குழப்பம் தீர்ந்தது எண்ணிக்கையால்தான். ஐரோப்பிய விலாங்கின் முதுகெலும்பில் முள்ளெலும்புகள் சுமார் 110 முதல் 119 வரை. அமெரிக்க விலாங்கில் சுமார் 103 முதல் 111 வரை. வெளித் தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட், குஞ்சுகளின் தசைக் கண்டங்களை எண்ணியே இவ்விரு இனங்களையும் நடுக்கடலில் பிரித்தறிந்தார். அவர் நாட்டவரான ஏகே, 1939-இல் பல், துடுப்பு, முள்ளெலும்பு ஆகியவற்றை அளந்து உலக விலாங்குகளை 16 இனங்களாகச் சுருக்கினார். 110 எலும்புள்ள ஒற்றை மீன் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல மீன்களை எண்ணிச் சராசரி காண வேண்டும். ஐஸ்லாந்தில் இவ்விரண்டின் கலப்பினங்களும் வாழ்கின்றன!

"மரபணுச் சோதனை வந்துவிட்ட காலத்தில் எலும்பை எண்ணுவானேன்?" என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐரோப்பிய ஆறுகளுக்கு வந்துசேரும் குஞ்சுகள் 1980-க்குப் பின் 90 சதவீதத்திற்கும் மேல் குறைந்துவிட்டன. அதன் பன்னாட்டு வாணிபத்திற்கு 2009-இல் கட்டுப்பாடு வந்தது; ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் ஏற்றுமதியையே நிறுத்தியது. ஆயினும் கிழக்காசியப் பண்ணைகளுக்கு அவை வேறு இனத்தின் பெயரில் கடத்தப்படுகின்றன. குஞ்சுப் பருவத்தில் எல்லா இனமும் வெறுங்கண்ணுக்கு ஒன்றே. கடைசித் தீர்ப்பை மரபணு வழங்கட்டும். ஆனால் சோதனைக்கு எதை அனுப்புவது என்று ஐயப்பட, உடலைப் பார்க்கப் பழகிய கண் முதலில் வேண்டுமே!

அந்தப் பழக்கத்தை நீங்கள் மீன் சந்தையிலேயே தொடங்கலாம். நம் ஆறுகளில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று புள்ளியும் திட்டுமாக இருக்கும். மற்றது ஒரே நிறம். நிறத்தை மறந்துவிடுங்கள். மலத்துளையில் விரலை வைத்து, அதற்கு நேர் மேலே முதுகைப் பாருங்கள். முதுகுத் துடுப்பு ஏறக்குறைய அங்கேயே தொடங்கினால் அது பைகலர். அதற்கு வெகு முன்னால், தலைப்பக்கமாகத் தொடங்கியிருந்தால் பெங்காலென்சிஸ். வழுக்கும், பழந்துணி ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.