எங்க ஆயாவின் கைமணம்

பத்திரிகையைத் திறந்தால் 'பாட்டி கைமணம்'. மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, அடை, அவியல். கீழே 'தமிழர் பாரம்பரிய உணவு' என்று ஒரு வரி. கேட்கிறேன்: யார் வீட்டுப் பாட்டி?

எங்க ஆயாவுக்கும் கைமணம் உண்டு. சேரியில் மாடு அடித்தால் ஒரு கூறு வாங்கி வருவாள். கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து வாசலில் காயப்போடுவாள். காக்கா ஓட்டுவது என் வேலை. நாலைந்து வெயில் காய்ந்ததும் பானையில் போட்டு வாயைக் கட்டிவிடுவாள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலை கிடைக்காது. அப்போதுதான் பானையைத் திறப்பாள். ரெண்டு துண்டைத் தணலில் சுட்டு, அம்மியில் வைத்துத் தட்டி, கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கத் தருவாள். வெளியே மழை, உள்ளே அடுப்புச் சூடு, உப்புக்கண்டம் சுடும் வாசனை. பசி நேரத்தில் எங்களைத் தேற்றியது அதுதான்.

அதோடு ஒரு பாடமும் சொல்லித் தருவாள். "ஸ்கூல்ல யாராச்சும் கேட்டா, பருப்புக் கொயம்புன்னு சொல்லு."

எம்.ஏ. வகுப்பில் அகநானூறு நடத்தினார்கள். பசுவைத் தின்ற மழவர் அதில் வருகிறார்கள். வாத்தியார் பெருமையோடுதான் சொன்னார். அன்று மத்தியானம் நான் டிபன் பாக்ஸ் மூடியை முழுசாகத் திறக்காமலே சாப்பிட்டேன். ஏட்டில் தின்றால் வீரம், சேரியில் தின்றால் ஈனமா?

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணி விற்கும் ஊர் அது. திருவிழாவில் மட்டும் அதற்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள்.

நம்மவர்களிலும் சிலர், "அம்பேத்கரே விடச் சொன்னாரே, இதையெல்லாம் ஏன் எழுதணும்?" என்கிறார்கள். 1927இல் மகாடில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. ஊர் நம் தலையில் கட்டிய இழிவை விடச் சொன்னார். காசு கொடுத்து வாங்கிய கறியை ஒளித்துவைத்துத் தின்னச் சொல்லவில்லை.

போன மாதம் என் மகளின் பள்ளியில் பாரம்பரிய உணவு நாள். 'சைவம் மட்டும்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

"எம்மா, உங்க ஆயா போட்ட உப்புக்கண்டம் பாரம்பரியம் இல்லியா?"

பருப்புக் கொயம்பு என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"பாரம்பரியந்தான். எப்படிச் செய்றதுன்னு சொல்றேன், நோட்டுல எழுதிக்கினு போ."

எழுதிக்கொண்டு போனாள். ஆசிரியை அந்தப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பாட்டி கைமணம் தேடும் பத்திரிகைக்காரர்களே, அனுப்பினால் அச்சில் போடுவீர்களா?