லயத்துச் சொல்லும் ஒப்பியற் கல்வியும்

யான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், ஹட்டனை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றில், மாணவன் ஒருவன் தன் கட்டுரையில் ‘அம்மா பெரட்டுக்குப் போனார்’ என்று எழுதியிருந்தான். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பெற்ற பயிற்சியின் மிடுக்கு அப்பொழுது தணியவில்லை. சிவப்பு மையால் அச்சொல்லை வெட்டி, ‘வருகைப் பதிவு’ என மேலே எழுதினேன். அதனைப் படித்துப் பார்த்த சிறுவன், “சேர், எங்க அம்மா அங்கெல்லாம் போறதில்லையே” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது, யானும் சிரித்தேன். வெட்கம் பின்னர்தான் வந்தது.

‘பெரட்டு’ என்பது ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. விடியற்காலையில் தொழிலாளர் ஒன்றுகூடி அன்றைய வேலையை ஏற்கும் நிகழ்ச்சியைக் குறிப்பது. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுதலை நம்மவர் ‘கவ்வாத்து’ என்பர். ‘கவாத்து’ என்பதற்குப் படைப்பயிற்சி என்னும் பொருளும் தமிழகராதியில் உண்டு. ‘லயம்’ என்பதோ ‘லைன்’. படைவீரர் குடியிருப்பின் வரிசைகளுக்கும் ஆங்கிலேயர் அப்பெயரையே வழங்கினர். லயத்தினுள்ளே உள்ள ‘காம்பரா’ போர்த்துக்கேயர் வழி வந்த சொல். சிங்களர் அதனைக் ‘காமரய’ என்பர். இந்நான்கு சொற்களில் மூன்று பாசறையிலிருந்து வந்தவை. தோட்டத்தை அமைத்தோர் அதனை எவ்வாறு எண்ணினர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று யாண்டுப் பெறுவோம்? அம்மாணவன் பிழை எழுதவில்லை. தன் குலத்தின் வரலாற்றை எழுதினான். அதனை யான் வெட்டினேன்.

சொல்லை வெட்டுவதற்கு முன் அதன் பிறப்பையும் வழக்கையும் வினவுவது மொழியியல். ஒரு மக்களின் பாட்டை மற்றொரு மக்களின் பாட்டோடு வைத்துப் பார்த்து இரண்டையும் விளங்கிக்கொள்வது ஒப்பியல் இலக்கியம். இவற்றைப் பயில விழையும் மலையக மாணாக்கரை ‘பிழைப்புக்கு உதவாத படிப்பு’ என்று நாம் தடுத்து வருதல் பெரும் பிழை என்பதே என் கருத்து.

தனியார் பல்கலைக்கழகம் என்றவுடன் நம்மவர் வணிக முகாமைத்துவத்தையும் கணினியையுமே நினைக்கின்றனர். முன்னாளில் அவ்வாறில்லை. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் செட்டிநாட்டு வணிகர். அவர் சமூகத்தார் இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் பொருளீட்டியவர்கள். (அப்பொருளில் நம் முன்னோர் முதுகுக் கூடைக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று சொன்னால் எவரும் சினவார் என நம்புகிறேன்.) 2013இல் அது தமிழ்நாட்டு அரசின்கீழ் வந்தது. தனியார் நிறுவனமாயிருந்த காலத்தில் அங்கே தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலாநந்த அடிகள், அதற்கு முன்னரே ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு இயைத்து ‘மதங்க சூளாமணி’ எழுதியவர். அவரும் நம்மைப்போல் ஆசிரியர் பயிற்சி பெற்றவரே. தனிநாயகம் அடிகள் அங்கே பயின்று, பழந்தமிழர் இயற்கைப் பாடல்களைப் பிறமொழிப் பாடல்களோடு ஒப்புநோக்கினார். யாழ்ப்பாணத் தமிழின் பேச்சமைப்பை ஆராய்ந்து சுசீந்திரராசா முனைவர் பட்டம் பெற்றதும் அங்கேதான். யாழ்ப்பாணத்தார் பேச்சுக்கு யாழ்ப்பாணத்தாரே ஆய்வாளர் ஆயினர். நம் பேச்சுக்கு நம்மவர் எத்தனை பேர்?

பாட்டைக் குறித்தும் இதுவே கேள்வி. பேராசிரியர் கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 1968இல் நூலாய் வெளியிட்டது சங்க வீரப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிடும் ஆய்வு. அதற்கு வழிகாட்டிய கொள்கைகளில் ஒன்று மில்மன் பரி என்னும் அமெரிக்கருடையது. அவர் 1930களில் யூகோஸ்லாவிய மலைநாட்டில் எழுத்தறியாப் பாணர் பாடியவற்றைப் பதிவுசெய்து, ஹோமர் காவியம் வாய்மொழியாய் எவ்வாறு தோன்றியிருக்கக்கூடும் என்று காட்டினார். எழுத்தறியாப் பாட்டுக்காரர் ஹோமருக்கே உரைகாரர் ஆயினர்! நம் லயங்களிலும் ஒப்பாரியும் தாலாட்டும் தெம்மாங்கும் நாவில் நின்றன. சி. வி. வேலுப்பிள்ளை தம்மால் இயன்றவரை திரட்டி வைத்தார். எஞ்சியவற்றை அறிந்த பாட்டிமார் ஆண்டுதோறும் குறைகின்றனர். மலாயா றப்பர்த் தோட்டத்திலும் பீஜிக் கரும்புத் தோட்டத்திலும் தமிழர் பாடியவற்றோடு அவற்றை ஒப்பிட வேண்டியவர் இனித்தான் பிறக்க வேண்டும் என்றில்லை. இப்பொழுது நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்.

ஒருவரை யான் அறிவேன். உயர்தரப் பரீட்சையில் தமிழில் அதிவிசேட சித்தி பெற்ற மாணவி. தந்தையும் தாயும் தோட்டத் தொழிலாளர். இசட் வெட்டுப்புள்ளி சிறிதளவிற் தவறியதால் அரச பல்கலைக்கழகம் கைவிட்டது. தமிழ்நாட்டுத் தனியார் பல்கலைக்கழகமொன்றில் மொழியியலும் ஒப்பியல் இலக்கியமும் பயில விழைகிறாள். உறவினர் கொழும்பிற் கடை வேலைக்கு அழைக்கின்றனர். அவர்களை யான் குறைகூற மாட்டேன். அடுப்பு எரிய வேண்டுமே. ஆயினும் ஆசிரியத் தொழிலும் மொழிபெயர்ப்பும் அகராதிப் பணியும் இக்கல்விக்குத் திறந்தே உள்ளன. தனியார் நிறுவனம் என்று பெயர் பூண்ட யாவும் நல்லன அல்ல என்பதும் உண்மை. பணம் கட்டுமுன் அப்பட்டத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா என்று எழுத்திற் கேட்டறிதல் வேண்டும்.

எஞ்சுவது கட்டணம். இது பழைய மாணவர் சங்கத்துக்குரிய பொருள் என்று துணிந்து சொல்வேன். விழா ஆண்டுதோறும் வாயில் வளைவும் பெயர்ப்பலகையும் எழுப்புகிறோம். முன்னைய வளைவில் வண்ணம் உரிந்தவுடன் அடுத்ததற்கு நன்கொடை திரட்டுகிறோம். அந்தப் பணத்தில் ஈராண்டுக்கு ஒரு மாணாக்கரை இத்துறைக்கு அனுப்பலாம். விடுமுறையில் வருபவர் தம் தோட்டத்துப் பாடல்களையும் வழக்குச் சொற்களையும் பதிந்து கல்லூரி நூலகத்தில் வைத்தல் வேண்டும் என்பதே நிபந்தனையாக அமையலாம். செலவுக் கணக்கை எழுதிச் செயலாளரிடம் முன்னமே கொடுத்துள்ளேன்.

அம்மாணவியின் விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. அடுத்த சம்பள நாள் கழிந்ததும் வந்து பேசுவதாக அவள் தந்தையார் சொல்லியிருக்கிறார்.