ஊருணிக்குக் காவல் போட்ட ஊர்ல, குளிக்கிற பிள்ளைகளுக்குக் காவல் வேண்டாமா?

காரைக்குடி பக்கத்துக் கிராமங்கள்ல குடிதண்ணி ஊருணிக்குக் காவல் ஆள் போடுற பழக்கம் உண்டு. யாராவது கால் கழுவினா அதட்டுவார், துணி துவைக்க விடமாட்டார். தண்ணியைக் காப்பாத்த ஆள் போட்ட நாம, அதே ஊர்க் கண்மாயில குதிக்கிற பிள்ளைகளைப் பார்த்துக்க ஆள் போடவே இல்லை.

'லைஃப் கார்டு'ன்னா நமக்கு மெரினாவும் கோவாவும்தான் ஞாபகம் வரும். சிவகங்கை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் கண்மாய் இருக்கு, கிணறு இருக்கு, மண் அள்ளின பள்ளம் இருக்கு. மழை பெய்ததும் பள்ளம் எது, தரை எதுன்னு மேலிருந்து பார்த்தா தெரியாது. இடுப்பளவு தண்ணியில நடக்கிற பையன் அடுத்த அடியில மூழ்கிடுவான்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2021-ல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 30,000-க்கும் மேல்.

லைஃப் கார்டின் உண்மையான வேலை என்ன?

குதிச்சுக் காப்பாத்துறது இல்லை, கவனிச்சுப் பார்க்கிறதுதான் முதல் வேலை. மூழ்குறவர் சினிமாவில் வர்ற மாதிரி கையை ஆட்டிக் கத்தமாட்டார். மூச்சு விடவே வாய் போதாது; பெரும்பாலும் சத்தமே இருக்காது. பக்கத்திலேயே குளிக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாமப் போயிடும்.

அடுத்தது, தண்ணிக்குள்ள போகாமலே காப்பாத்துறது. பயத்தில் இருக்கிறவர் கையில் கிடைச்சவரைப் பிடிச்சு அழுத்திடுவார். 'காப்பாற்றப் போனவரும் பலி'ங்கிற செய்தி இப்படித்தான் வருது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் 4 இளைஞர்கள் நீரில் தத்தளிச்சப்போ, கரையில் இருந்த 3 பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசினாங்க. 2 பேர் பிழைச்சாங்க. அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. கையில் ஒரு கயிறும் காத்தடைச்ச டியூபும் இருந்திருந்தா?

மூணாவது, கரையில செய்ற முதலுதவி. வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கிறதும், தலைகீழாத் தூக்கிச் சுத்துறதும் நேரத்தைத்தான் வீணாக்கும். மூச்சு இல்லைன்னா உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கணும், நெஞ்சை அழுத்தணும், 108-ஐக் கூப்பிடணும்.

எத்தனை கண்மாய்க்கு ஆள் போட முடியும்?

நியாயமான கேள்வி. எல்லாத்துக்கும் வேண்டாம். பிள்ளைகள் எந்தக் கண்மாயில, எந்தப் படித்துறையில குதிக்கிறாங்கன்னு ஊருக்கே தெரியும். அங்க மட்டும், மழைக்குப் பிறகு தண்ணி நிற்கிற மாசங்கள்லயும் பள்ளி விடுமுறையிலயும், சாயங்காலம் ரெண்டு மூணு மணி நேரம் ஒருத்தர் போதும். நீச்சல் தெரிஞ்ச உள்ளூர் இளைஞருக்குத் தீயணைப்புத் துறையினர் பயிற்சி கொடுக்கலாம். ஊராட்சி சம்பளம் கொடுக்கணும். 'சேவை'ன்னு சொல்லிச் சும்மா நிக்க வெச்சா நாலு நாள்ல ஆள் இருக்கமாட்டார். பள்ளம் இருக்கிற இடத்துல கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்ட எந்த நிதியும் தேவையில்லை.

'ஆழம், குளிக்காதீர்'னு போர்டு வெச்சதோட நம்ம கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். போர்டு தண்ணியைப் பார்த்துக்கிட்டு நிற்காது.

மே 1-ல் கிராம சபை கூடும். விடுமுறையும் அப்பதான். நீங்க சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்தாலும், அன்னைக்கு ஊருக்குப் போனா ரோடு, தெருவிளக்கோட இதையும் ஒரு தீர்மானமாக் கேளுங்க: நம்ம கண்மாய்க் கரையில ஒரு ஆள், ஒரு கயிறு, ஒரு டியூப்.