இரு பெப்டைடுகளும் ஒரு குளிர்ப்பெட்டியும்

இன்சுலினும் ஆக்சிடோசினும் பெப்டைடு இனத்தவையே. முன்னதில் 51 அமினோ அமிலங்கள், பின்னதில் ஒன்பதே. பின்னதை அமெரிக்க அறிஞர் டு வின்யோ 1953-இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். விழுங்கினால் இரண்டும் செரிமான நொதிகளாற் சிதையும், ஆகவே ஊசி.

நீரிழிவு நோயாளி தம் இன்சுலினைக் கண்ணுங் கருத்துமாய்க் குளிரில் வைப்பார். ஆக்சிடோசினைக் காக்க அத்தகைய உரிமையாளர் இல்லை. மகப்பேற்றுக்குப் பின் மிகும் உதிரப்போக்கைத் தடுக்கும் அம்மருந்து சிற்சில நிலையங்களில் வெறும் அலமாரியிற் கிடக்கின்றது. வெப்பத்தால் வீரியங் குன்றினும் நீர்மம் தெளிந்தே தோன்றும். கருப்பை சுருங்காதபோதே குறை புலப்படும். அப்பொழுது தாயின் உயிர் நிமிடக் கணக்கில் நிற்கும்.

இதனையும் 2 முதல் 8 பாகை செல்சியசிலேயே வைத்தல் வேண்டும். குளிர்ப்பெட்டி தடுப்பூசிக்கே உரியதென இடம் மறுப்பது முறையன்று. தனித்தட்டில், பெயர் விளங்க எழுதி வைத்தாற் போதும்.