நான்கு மணி நேரப் பாடம்



அமெரிக்கத் தமிழர்களின் மணமுறிவு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒன்று விடுபட்டுவிட்டது. இங்கே புளோரிடாவில், மைனர் பிள்ளைகள் இருந்தால், மணமுறிவு கோரும் பெற்றோர் இருவருமே குறைந்தது 4 மணி நேரப் பெற்றோர் கல்வி வகுப்பை முடித்தாக வேண்டும். அதன் பிறகுதான் இறுதித் தீர்ப்பு. மனு போட்டவருக்கு 45 நாள் கெடு. தட்டிக்கழித்தால் நீதிமன்ற அவமதிப்பு வரை போகலாம்.

இணையவழியில் படிக்கலாம் என்பது பெரிய ஆறுதல்தான். வேலைக்கு லீவு போட வேண்டாம். அடிக்குப் பயந்து வெளியேறியவள் வகுப்பு வாசலில் கணவன் முகத்தில் விழிக்கவும் வேண்டாம். ஆனால் என் உறவினர் ஒருவர் படித்த லட்சணத்தைப் பார்த்தேன். நேரம் ஓடி முடியும்வரை ‘அடுத்து’ பொத்தான் வேலை செய்யாது. நேரத்தை ஓடவிட்டுவிட்டு போனில் கிரிக்கெட் பார்த்தார். பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள் என்ற பக்கம் வந்தபோது மனிதர் காபி போட்டுக்கொண்டிருந்தார்! சான்றிதழ் வந்த அதே வாரம் மகளிடம் சொல்கிறார்: “இந்த மாசம் பணம் வராதுன்னு அம்மாகிட்ட சொல்லிடு.”

நான்கில் ஒரு மணி நேரத்தையாவது, பயிற்றுநர் பேர் சொல்லிக் கேள்வி கேட்கும் நேரலை வகுப்பாக மாற்றலாம். வீட்டிலிருந்தபடியே அதிலும் சேரலாமே.

ஒரு வாசகி,
டாம்பா, புளோரிடா