கிறீம் பெட்டியைக் காட்டுங்கோ அக்கா

எங்கட பக்கத்துப் பார்லர்களில பெரும்பாலும் சுவரில ஒரு விலைப்பட்டியல் தொங்கும். பழ பேஷியல், பேர்ள் பேஷியல், கோல்ட் பேஷியல், டயமண்ட் பேஷியல். கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். மேலயிருந்து கீழ வாசிக்க விலை ஏறும். ஆனா எந்தத் தோலுக்கு எது பொருந்தும் எண்டு ஒரு வரி இருக்காது. அதால நாங்களும் விலையைப் பாத்துத்தான் தெரிவு செய்யிறம். கலியாணம் எண்டா கோல்ட், நல்லூர்த் திருவிழா எண்டா பழம், பட்டமளிப்பு எண்டா நடுவில ஏதோ ஒண்டு.

தங்கக் கதையை முதல்ல முடிச்சு விடுவம். தோலின்ர மேற்படை இருக்கிறதே வெளியில இருக்கிறதை உள்ள விடாமல் தடுக்கத்தான். எவ்வளவு தேய்ச்சாலும் தங்கத் துகள் மேல மினுங்கிவிட்டுத் தண்ணியோட போயிடும். பேஷியல் முடிய முகம் பளிச்செண்டு தெரியிறதுக்குக் காரணம் மசாஜால கூடின இரத்த ஓட்டம், ஸ்க்ரப்போட உதிர்ந்த இறந்த கலங்கள், பூசின ஈரப்பதன். இது மூண்டும் பட்டியல்ல ஆகக் குறைஞ்ச விலையிலயும் கிடைக்கும். (பெடியளின்ர சலூன்களிலயும் இப்ப இதே பட்டியல் வந்திட்டுது. ஆகவே இது பெட்டையளுக்கு மட்டும் எழுதினதில்லை.)

என்ர நிலைப்பாடு இதுதான்: எந்த சிகிச்சை எண்டு தெரிவு செய்ய முதல், "வெள்ளையாக்கிறது" எண்ட சொல்லை அந்தப் பட்டியல்ல இருந்து வெட்ட வேணும். அது நிக்கும் மட்டும் தோலுக்கு என்ன பிரச்சினை எண்ட கேள்வியே வராது. சிவந்து வீங்கின பரு இருக்கிற முகத்துக்கு ஆவி பிடிச்சு, ஸ்க்ரப் போட்டுத் தேய்ச்சா அது இன்னும் மோசமாகும். பிளீச் எண்டது முகத்து மயிரின்ர நிறத்தை ஐதரசன் பேரொட்சைட்டால வெளிற வைக்கிறது; முகம் வெளிச்சமாத் தெரியிறது அதாலதான். எரியக்கூடிய பொருள் எண்டதால ஒரு நாள் முதலே கையில கொஞ்சம் பூசிப் பாக்க வேணும். "அவசரமா கலியாண வீட்டுக்குப் போகோணும்" எண்டு வாற ஆளுக்கு அது நடக்காது.

கெமிக்கல் பீல் எண்டா இன்னும் கவனம் வேணும். கிளைகோலிக் அமிலம் மேற்தோலை உரிச்சுவிட, கீழ இருக்கிற புதுத்தோல் வெயிலைத் தாங்காது. எங்கட மாதிரி மண்ணிறத் தோலில சின்னக் காயம், எரிவு வந்தாலே பிறகு கறுப்பா அடையாளம் விழும். பீல் செய்த அடுத்த நாள் மத்தியான வெயிலில திருநெல்வேலிக்குச் சைக்கிள் மிதிச்சா, எந்தக் கறுப்பைப் போக்கப் போனமோ அதே கறுப்போட திரும்பி வருவம்.

உண்மையான ஆபத்து பட்டியல்ல இல்லை. "இதை இரவில பூசுங்கோ, ரெண்டு கிழமையில வித்தியாசம் தெரியும்" எண்டு லேபிள் இல்லாத சின்னப் பெட்டியில தாற கிறீமிலதான் இருக்கு. உடனே நிறம் மாத்திற கிறீம்களில ரெண்டு பொருள் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கு. ஒண்டு பாதரசம். அது மெலனின் உருவாகிறதைத் தடுக்கும். தோலுக்குள்ளால உடம்புக்குப் போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். மற்றது வைத்தியர் எழுதித் தரவேண்டிய கடுமையான ஸ்டீரொய்ட். முதல்ல முகம் தெளிவாகும், மாதக்கணக்கில பூசினா தோல் மெலிஞ்சு, நிப்பாட்டின உடன சிவந்து எரியும். எரிவு தாங்காமல் திரும்ப அதையே பூசுவினம்.

பாதரசம் பற்றின மினமாட்டா உடன்படிக்கையில இலங்கையும் ஒரு தரப்பு. அதில அழகுசாதனங்களுக்கு முதல் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் எண்ட எல்லை இருந்தது. 2023இல அதையும் எடுத்து, 2025க்குள்ள பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எல்லாத்தையும் நிப்பாட்ட முடிவெடுத்தினம். ஆனா கடதாசியில இருக்கிற முடிவு பார்லர் மேசைக்கு வர நாளெடுக்கும். அதுவரைக்கும் நாங்கள் பாக்கக்கூடிய ஒரு அடையாளம் இருக்கு: "தங்க, வெள்ளி நகைகளில படாமல் பாவிக்கவும்" எண்டு ஒரு கிறீமில எழுதியிருந்தா அதில பாதரசம் இருக்கலாம். பாதரசம் தங்கத்தோட சேர்ந்து அதை வெளிற வைக்கும். சங்கிலியைக் கழட்டி வைச்சிட்டு முகத்தில மட்டும் பூசுறதில என்ன நியாயம்?

2020இல பெயார் அன்ட் லவ்லி தன்ர பெயரில இருந்த "பெயார்" எண்டதைக் கழட்டி "குளோ" போட்டது. எங்கட வீடுகளில அந்தச் சொல் இன்னும் கழரேல்லை. "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு" எண்டு சொல்லுற சின்னம்மாக்கள் இருக்கும் மட்டும் அந்த லேபிளில்லாத பெட்டிக்கும் விலை இருக்கும்.

மூண்டு மாசத்துக்கு மேல நிக்கிற கரும்படை, தழும்பு விடுற பரு, கிறீமால வந்த எரிவு, இதுக்கெல்லாம் பார்லர் இடமில்லை. போதனா வைத்தியசாலையின்ர தோல் கிளினிக்கில காசில்லாமல் பாக்கலாம். வரிசையில நிக்க வேணும், உண்மைதான். கோல்ட் பேஷியலுக்கும் அரை நாள் போகுதுதானே.

பார்லர் அக்காவைக் குற்றவாளியாக்கிறதில எனக்கு விருப்பமில்லை. சீட்டுக் காசிலயும் கடனிலயும் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தனியத் தொழில் நடத்திறவை எங்கட ஊரில கனபேர். அந்த இரவுக் கிறீமை நான் என்ர முகத்தில மட்டும் பூசுவன். அவ ஒவ்வொரு நாளும் வெறுங்கையால கிள்ளி எடுத்துக் கலக்கிறா. அதால "பெட்டியைக் காட்டுங்கோ அக்கா" எண்டு கேக்கிறது சண்டை பிடிக்கிறதில்லை. செய்த கொம்பனி, சேர்த்த பொருட்கள், காலாவதித் திகதி மூண்டும் இருக்கோ எண்டு ரெண்டு பேருமாச் சேர்ந்து வாசிக்கலாம். இல்லையெண்டா அண்டைக்கு வெறும் கிளீனப் மட்டும் செய்து கொண்டு வரலாம்.