உப்பைக் கூட்டினால் தீராது

'தைராய்டு குறைந்த பிள்ளைக்கு அயோடின் உப்பைக் கூட்டுங்கள், மாத்திரையைப் பழக்காதீர்கள்' என்று அடித்துச் சொல்கிறார் ஒரு பத்தி எழுத்தாளர். அவர் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறார்?

அயோடின் போதாமல் கழலை வருவது உண்மைதான். ஆனால் அயோடின் உப்பு தாராளமாகப் புழங்கும் ஊர்களில், பள்ளி வயதில் தைராய்டு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் ஹஷிமோட்டோ நோய். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்தது. உடலின் காவற்படையே சொந்தச் சுரப்பியைத் தாக்குகிறது. இங்கே அளவுக்கு மீறிய அயோடின் எரிகிற வீட்டில் எண்ணெய். நோயை முடுக்கிவிடவும் கூடும்.

'மாத்திரை அடிமையாக்கும்' என்பது அடுத்த பயமுறுத்தல். அந்த மாத்திரையான லெவோதைராக்சின் போதைப்பொருளா என்ன? சுரப்பி தர முடியாமல் போன அதே ஹார்மோன்தான் அது. காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தொல்லை அவ்வளவே.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரத்தத்தில் சுரப்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மட்டும் தென்பட்டு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் சரியாக இருந்தால் உடனே மாத்திரை தேவையில்லை, கண்காணித்தால் போதும். சில பிள்ளைகளுக்குச் சுரப்பு தானே மீள்வதும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை, பத்தி எழுத்தாளர் அல்ல.

தைராய்டு குறைந்திருந்தும், மதிப்பெண் குறையவில்லையே என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள். பலருக்கு அது குறையாது, உயர வளர்ச்சிதான் மந்தமாகும். போன வருடத்துச் சீருடை நீளத்தில் இன்னும் சரியாக இருக்கிறதா? மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.